பழகின குரல்

“உனக்குக் குரல்னு ஒண்ணு இருக்குதா, இல்லையாம்மா?”

டாக்டர் தஸ்னீம் இப்படிக் கேட்டபோதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

“இது ஊமைக்கோட்டான், டாக்டரம்மா. ரேஷன் கடையில கையாலயே பேசி அரிசி வாங்கிகினு வந்துடும்” என்று அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சிரித்தார்.

அப்பா எபினேசர் காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். மறுநாள் அவருக்கு இதய வால்வு மாற்றுவதாக இருந்தது. இதய ஆபரேஷன் முடிந்து கண்விழிக்கும்போது சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். இருக்கும் இடம் தெரியாமல் குழாய்களைப் பிடுங்குவார்களாம். மயக்க மருந்து தெளியும் நேரத்தில் பழகின குரலை ஹெட்போனில் கேட்கவைத்தால் அது குறைகிறதா என்றுதான் தஸ்னீம் ஆராய்ச்சி செய்கிறார்.

“யார் குரல் வேணும்?”

“ரோஸ்மேரி” என்றார் அப்பா.

அம்மா. அப்பாவின் குடியைத் தாங்காமல் வள்ளூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள். அவள் போனதும் நான் ஒன்பதாம் வகுப்பை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அன்றைக்கு எத்தனை முறை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை.

“செரி, ஊமைக்கோட்டானே பேசட்டும்.”

வராந்தாவில் தஸ்னீம் ரெக்கார்டரை நீட்டினார். எனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா விடியற்காலையில் அப்பாவை எழுப்பும் சொற்கள்தான் வந்தன.

“இன்னாய்யா, விடிஞ்சிகினு கீது. எய்ந்திரு. டீ ஆறிடும்.”

ஆபரேஷன் முடிந்து அப்பா தெளிவாக விழித்தார். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். தஸ்னீமுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஒன்றில் மட்டும் அப்பா பிசகினார்.

“ரோஸு வந்துச்சு. காதாண்ட வந்து எய்ப்புச்சு.”

“நான்தாம்பா பேசினேன்.”

“போடி, உனக்கேது வாயி?”

வார்டுக்கு மாற்றிய பிறகு, பெரியம்மா சொல்லி அம்மா வந்தாள். கையில் ஃபிளாஸ்க். அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார்.

“நீ கூப்ட்டே, நான் எய்ந்துட்டேன் பாரு. இனிமே குடியத் தொட மாட்டேன், ரோஸு. வூட்டுக்கு வந்துடு.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் வாயைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. டீயை டம்ளரில் ஊற்றி, ஆவி பறக்க ஸ்டூலில் வைத்தாள். ஃபிளாஸ்க்கை மூடி அதன் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வள்ளூருக்கே போய்விட்டாள்.