கேப்டன் கட்டில் பத்தி

கல்யாணமான புதிதில் அவர் செய்தித்தாளில் கோர்ட் நிருபர். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. ஒருநாள் திடுதிப்பென்று வேலையை விட்டுவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் காத்துக் கிடப்பவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாகச் சொன்னார்.

"நாவலா?" என்று கேட்டாள்.

"இல்ல. எல்லாம் நடந்தது. ஆனா நாவல் மாதிரி படிக்கணும்."

சொந்தக்காரர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "நடந்ததை எழுதறதுக்கு மாப்பிள்ளைக்கு எதுக்கு மூணு வருஷம்?" என்று அவள் சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

குடும்பத்தை அவள் சம்பளம் தாங்கியது. அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவள். ஆனால் ஒன்றை மட்டும் தன் உரிமை என்று வைத்திருந்தாள். அவர் எதை எழுதினாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரவேண்டும். அவள் கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பாள். அவர் இருப்புக்கொள்ளாமல் அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவுவார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படிப்பதில் அவளுக்கு ஒரு ராஜபோகம்.

இரண்டாவது புத்தகம் பழைய கப்பல்களை உடைக்கும் ஆட்களைப் பற்றியது. அதில் ஒரு தொழிலாளி, பாதி வெட்டிய கப்பலின் கேப்டன் அறையில், கேப்டனின் கட்டிலில் மதியத் தூக்கம் போடுவான். "இங்க ஒரு பத்தி வேணும். இதுக்கு முன்னாடி அந்தக் கட்டில்ல படுத்தவங்க என்ன யோசிச்சிருப்பாங்க?" என்று அவள்தான் கேட்டாள். அவர் எழுதினார். விமர்சனம் எழுதிய அத்தனை பேரும் அந்தப் பத்தியைத்தான் மேற்கோள் காட்டினார்கள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. உள்ளுக்குள் மட்டும் அது அவளுடைய பத்தி.

அந்தப் புத்தகத்தை ஆவணப்படமாக்க ஒரு டைரக்டர் வந்தார். திரைக்கதையும் பின்னணி உரையும் அவரையே எழுதச் சொன்னார். அவருக்கு ஐம்பது வயதில் புதுத் தொழில். முகத்தில் களை வந்துவிட்டது. கூடவே பேச்சில், படத்தைத் தொகுக்கும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எடிட்டரம்மா மூணாவது சீன்ல பேச்சே வேணாம்னுட்டாங்க." "எடிட்டரம்மா அதைப் படிச்சுட்டு உதட்டைப் பிதுக்கிட்டாங்க."

"எப்ப படிச்சாங்க?" என்றாள் அவள்.

"நேத்தே அனுப்பிட்டேனே."

அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று எழுதியதை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

அக்காவிடம் போனில் புலம்பினாள். அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள். "அந்தப் பொம்பளைகிட்ட பேசும்போது சிரிக்கிறாரா?"

"இல்லக்கா. குறிப்பு எடுத்துக்கறார்."

"அப்ப நிலைமை மோசம்தான்."

ஒரு சனிக்கிழமை அவர் படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டு எடிட்டிங் அறைக்கே போனாள். சன்னலில்லாத சின்ன அறை, இரண்டு திரை, ஏசியின் உறுமல். எடிட்டரம்மாவுக்கு இவளைவிடப் பத்து வயது கூட இருக்கும். வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் அழகாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை.

"உக்காரும்மா, நீயும் பாரு" என்று எடிட்டரம்மா ஒரு காட்சியை ஓடவிட்டார். கேப்டன் கட்டில் காட்சி. பின்னணியில் அந்தப் பத்தி ஒலித்தது. நிறுத்திவிட்டு அவள் கணவர் பக்கம் திரும்பினார்.

"தூங்கறவன் பக்கத்துல நின்னு எதுக்கு சார் பேசறீங்க?"

பேச்சை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். இப்போது அவன் மூச்சு கேட்டது. தூரத்தில் இரும்பு வெட்டுகிற சத்தம். அவன் தூக்கத்தில் கையை நீட்டி, கட்டிலின் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பேச்சு ஓடியபோது அந்தக் கையை யாருமே பார்க்கவில்லை.

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். அந்த அம்மா சொன்னது சரி என்று தெரிந்த அந்த நொடியில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "என்ன சொல்ற, எடுத்துடலாமா?"

"அந்தப் பத்தி இல்லேன்னா அது உங்க படமே இல்ல. அவங்க படம்" என்றாள். குரல் பிசிறவில்லை.

அவர் மறுநாள் போய் ஒற்றைக்காலில் நின்றார். டைரக்டர் சமாதானம் பேசினார். எடிட்டரம்மா, "உங்க எழுத்து, உங்க இஷ்டம்" என்று பத்தியைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

முன்னோட்டக் காட்சிக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். முதல் அரைமணி நேரம் ஒரு சலனம் இல்லை. கேப்டன் கட்டில் வந்தது, பேச்சு தொடங்கியது. யாரோ இருமினார்கள். முன் வரிசையில் ஒருவர் போனை எடுத்து மணி பார்த்தார். டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவர் மெதுவாகக் கேட்டார். "உனக்கு நிஜமாவே அது அங்க இருக்கணும்னு தோணுச்சா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, "இல்ல" என்றாள்.

"பின்ன ஏன் சொன்ன?"

"அவங்க சொன்னா எடுக்கறீங்க. நான் சொன்னா வைப்பீங்களான்னு பார்த்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தாள்.

"வெச்சேனே" என்றார்.

பஸ் வந்தது, ஏறினார்கள். மறுநாள் அவளே எடிட்டரம்மாவுக்குப் போன் செய்து, "அதை எடுத்துடுங்க, நான்தான் கெடுத்தேன்" என்றாள். அந்த அம்மா ஏன் எதற்கு என்று துருவவில்லை. "புஸ்தகத்துல அது நல்ல பத்திம்மா" என்று மட்டும் சொன்னார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மாவைத் திட்டக்கூட வழியில்லை.

படம் நன்றாகப் போனது. அவருக்கு இன்னும் இரண்டு படங்கள் வந்தன. நடுவில் மூன்றாவது புத்தகத்தையும் முடித்தார். இந்தத் தடவை அச்சுக்குப் போகுமுன் பிரதி இரண்டு எடுத்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "இன்னொன்னு அவங்களுக்கு, இன்னிக்கே கொடுத்துடறேன்" என்றார், கொஞ்சம் பயந்துதான்.

"கொடுங்க, அதுக்கென்ன" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா கைக்கு அது போய்ச்சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அவள் கடைக்குப் போன் போட்டு மத்தியானம் லீவு சொன்னாள். கட்டிலில் குப்புற விழுந்து, முதல் தாளைப் புரட்டினாள்.