எங்கள் சந்துக்கு வராத குழாய்

“இந்த ஒரு வருஷத்துல இந்த வீட்ல யாருக்காவது மஞ்சள்காமாலை வந்துச்சா?”

நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்த ஷோபனா அக்கா என்னிடம்தான் கேட்டார். இந்தத் தீவில், டாலிகஞ்ச் பகுதியில் இருக்கும் எங்கள் சந்தின் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது. அதை மாற்றலாமா என்று பார்க்கிறார்களாம். எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை நாள் சம்பளம் போனது, மருந்துக்கு எவ்வளவு ஆனது என்று கூட்டுவார்களாம். குழாய் போடும் செலவைவிட அந்தத் தொகை பெரிதாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே அது புரிந்தது.

என் அக்கா அகிலா உள்ளே படுத்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹேடோவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

“இல்லை” என்றேன்.

எதிரே டீக்கடை முருகானந்தம் மாமா வீட்டில் இரண்டு பேர் படுத்து எழுந்தவர்கள். “என் டீயைக் குடிச்சவனுக்கு வராது மேடம், குடிக்காதவனுக்குத்தான் வரும்” என்று சிரித்தே அனுப்பிவிட்டார். கடை ஓட வேண்டுமே. மற்ற வீடுகளிலும் ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்து ஷோபனா அக்காவை அபர்டீன் பஜாரில் பார்த்தேன். பக்கத்துச் சந்துக்குப் புதுக் குழாய் வருகிறது, உங்கள் சந்தில் நோயே இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்றார். அதற்குள் அகிலாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

அடுத்த வருடம் வளைகாப்பு முடித்து அவளை அழைத்து வந்தோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். சிலிண்டர் தீர்ந்த இரண்டு நாள் மட்டும் முடியவில்லை. ஒரு மாதத்தில் அவளுக்கு மறுபடி காமாலை. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், பக்கத்துச் சந்துக்கு மட்டும் எப்படிக் குழாய் வந்தது என்று அகிலா கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உனக்கு வந்ததை மறைச்சது நான்தான். சொல்லணும்னு தெரிஞ்சும் மறைச்சேன்.”

“உன் கல்யாணம் நிக்கக்கூடாதுன்னுதானடி” என்றாள் அம்மா.

அகிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து தலையைப் பின்னினாள். கொடியில் கிடந்த புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். அம்மா இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அகிலா செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, மெல்ல ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.