டார்ச்சுக்காரர் வாக்கு

பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் டார்ச்சுக்காரர் கடை. மாடிப்படிக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு கடை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் இணையத்தில் எந்தக் குழுவில் யார் போய், நம்பி எங்கே வாங்கலாம் என்று கேட்டாலும் நாலு பேர் வந்து இங்கேதான் வழி சொல்வார்கள். காரணம் அவர் வாய். கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்தி, டார்ச் அடித்து லென்ஸைப் பார்ப்பார். குறை இருந்தால் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவார். "இது வேணாம்ப்பா, உள்ள ஃபங்கஸ் இருக்கு" என்று வந்த வியாபாரத்தைத் தானே துரத்துகிற மனுஷர். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்தால் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைக்கத் தெரியாத ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அந்த வாயால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஈரத்தில் அடைந்து கிடந்த லென்ஸுக்குள் முளைக்கும் பூஞ்சைதான் ஃபங்கஸ். அது வந்துவிட்டால் படமெல்லாம் புகை மூடினதுபோல விழும். வாங்குகிறவர்களுக்குச் சட்டென்று கண்ணில் படாது. அதனால்தான் ஊரெல்லாம் அதைத் தலையில் கட்டி அனுப்புகிறார்கள்.

சர்க்கரை வியாதி டார்ச்சுக்காரரின் கண்ணில் கைவைத்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேப்பர் படிப்பது நின்றது. எதிரில் வருகிறவர் பேசினால்தான் யாரென்று தெரிந்தது. ஆனால் கடை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"லென்ஸ் பாக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? பழக்கம் போதும்" என்பார்.

இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்ததில் மனைவிக்கும் வேலை பிடிபட்டிருந்தது. காலையில் அவர் குளிக்கப் போனதும் மாடி வீட்டிலிருந்து கடைக்கு இறங்கி வருவாள். புதிதாக வந்த கேமராக்களை டார்ச் அடித்துப் பார்ப்பாள். கெட்டதெல்லாம் அடித்தட்டுக்குப் போகும், நல்லது மட்டும் மேல்தட்டில் நிற்கும். அவர் மேல்தட்டிலிருந்து எதை எடுத்துச் சுத்தம் என்றாலும் அது சுத்தமாகவே இருந்தது. காதும் காதும் வைத்தாற்போல ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வருஷமாகக் கெட்ட கேமராவே வரவில்லையே என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் யாரோ வீடு காலி செய்கிறவர் ஒரு கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது மேஜைமேல் இருக்கும்போதே ஒரு பெண் உள்ளே வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. இணையத்தில் ரெண்டு தடவை ஏமாந்தவள். முதல் தடவை ஷட்டர் செத்த கேமரா வந்தது, அடுத்த தடவை பணம் போனதோடு சரி.

"உங்ககிட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொன்னாங்க சார்" என்றவள், மேஜைமேல் இருந்த அந்தக் கேமராவையே காட்டினாள்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாக மனைவியும் எட்டிப் பார்த்தாள். லென்ஸ் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மயிர் மயிராகப் படர்ந்திருந்தது பூஞ்சை.

"சுத்தம். எடுத்துக்கம்மா" என்றார் அவர்.

"அது வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சதுங்க" என்றாள் மனைவி.

"யாருக்கு? இப்பத்தான வந்துச்சு. நம்ம கடையில அந்தப் பழக்கம் ஏது?"

பொய்யும் சரியாக வரவில்லை. இந்த ஒரு விற்பனையில் அவர் வாக்கு கெட்டுப்போகும் என்று நினைத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. "லென்ஸுல ஃபங்கஸ் இருக்குங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அவர் மறுபடி டார்ச்சை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேமராவை அந்தப் பெண்ணிடமே நீட்டினார். "நீயே பாரும்மா."

அவளுக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல சார். நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்னா சரிதான்." வீட்டுக்காரிக்கு இதெல்லாம் என்ன புரியும் என்கிற மாதிரி மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். பணத்தைக் கொடுத்துவிட்டு, பெயரோ நம்பரோ சொல்லாமல் போய்விட்டாள்.

அவள் போனதும் அவர் மனைவியிடம் கேட்டார்.

"எந்த இடத்துல இருந்துச்சு?"

"கீழ் ஓரத்துல. கால்வாசிக்குப் படர்ந்திருக்கு."

"எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது." என்றார். "கொஞ்ச நாளாவே அப்படித்தான். அவ முன்னாடி ஒத்துக்க வாய் வரல." சொல்லிக்கொண்டே செருப்பைக் காலால் தேடி மாட்டினார். "பாவம், ஏற்கனவே ரெண்டு தடவை ஏமாந்த பொண்ணு. காசத் திருப்பிக் குடுத்துடணும். என் கண்ணு போயிடுச்சுன்னு நானே சொல்லிடறேன்."

அவர் தடுமாறி வாசலுக்குப் போனார், மனைவியும் பின்னாலேயே ஓடினாள். தெருவில் ஒரே கூட்டம். யாரோ ஒரு பெண்ணை மறித்து, "அம்மா, அந்தக் கேமரா…" என்றார். அந்தப் பெண் பயந்து விலகிப் போனாள்.

கேமரா வாங்கியவள் எதிரே பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். டார்ச்சுக்காரரைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தாள். அவர் நேரே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது தெரியறாளா பாரு" என்றார் மனைவியிடம்.

அவளைக் கூப்பிட்டால் நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், இந்த மனுஷர் அப்படிப்பட்டவர். சாயங்காலத்துக்குள் அந்த இணையக் குழுக்கள் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் யார் வருவார்கள்? அவர் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? அந்தப் பெண்ணுக்குக் குறை தெரிய மாசக்கணக்காகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொண்டதற்காகத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

"இல்லைங்க" என்றாள். "போயிட்டா."

பஸ் வந்தது. அந்தப் பெண் இன்னொரு தடவை கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். பிறகு மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துச் சொல்லிடு. யாரு வந்தாலும் உன்னையே கேக்கச் சொல்லிடறேன். உனக்குப் பொய் சொல்ல வராது."