குணசேகரனும் ரெண்டரைக் கட்டையும்

குணசேகரனுக்கு யுகுலேலே வாசிக்கத் தெரியும் என்று முதலில் சொன்னவர் குணசேகரன்தான். அதன்பிறகு அதைச் சொல்ல வேறு யாரும் முன்வரவில்லை.

கிதார் ஈன்ற குட்டி மாதிரி, முழ நீளத்தில் நாலு நரம்பும், கழுத்தில் விரல் வைக்கும் கட்டங்களுமாக இருக்கும் அந்த வாத்தியத்தை ஆன்லைனில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. "சினிமாப் பாட்டெல்லாம் லோக்கலுங்க. நம்மளது ஜாஸ்" என்று ஆபீஸ் கேண்டீனில் விளக்கினார். விளக்கத்தின் பலன், சூப்பிரண்டு பரந்தாமனின் பணி ஓய்வு விழா அழைப்பிதழில் அச்சாகி வந்தது: 'ஜாஸ் இசைச் செம்மல் குணசேகரன் வழங்கும் இன்னிசை. பத்து நிமிடம்.'

செம்மலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல், ஜாஸ் மைனர். அதிலும் ஏறத்தான் தெரியும். இறங்கும்போது இரண்டு சுரம் இடறும். ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு வீடியோக்காரன் ஏறின வழியே இறங்கு என்கிறான். இன்னொருவன், இறங்கும்போது அந்த இரண்டையும் கொஞ்சம் தாழ்த்து என்கிறான். விழா வெள்ளிக்கிழமை. புதன் சாயங்காலம் குணசேகரன், மருத்துவ விடுப்புக்கு எந்த வியாதி கௌரவமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் அடை வார்த்துக்கொண்டிருந்த மனைவி புஷ்பலதா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மூணு மாசமா கௌரிமனோகரிய இந்தப் பாடு படுத்திகினு கீறீங்க?"

"இது அமெரிக்கா ஸ்கேல், லதா. உனக்குப் புரியாது."

"எந்த ஊர்தா இருந்தா இன்னா? எங்க பாட்டு டீச்சர் ஏழாவதுலயே சொல்லிக்குடுத்த ராகம் இது." தோசைத் திருப்பியால் தாளம் போட்டு, ஸரிகமபதநி என்று ஏறினாள். அப்படியே இறங்கினாள். "போன வழியிலியே வரணும். நடுவுல இன்னாத்துக்கு வேற சந்துல பூந்துகினு வரீங்க?"

மனைவி பாட்டுக் கற்றவள் என்பது பெண் பார்த்த அன்றே சொல்லப்பட்ட தகவல். ஆபீஸ் தபால்களைப் போல அதையும் படிக்காமலே கோப்பில் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அவள் பாடப்பாட அவர் விரல் ஓட்டினார். இரண்டாவது அடை ஆறுவதற்குள் ஒழுங்காக இறங்கிவிட்டார்.

"ஏறி எறங்க அரை நிமிஷம். மிச்சம் ஒம்போதரை நிமிஷத்துக்கு இன்னா பண்றது?" என்றார்.

"மூணாவது நரம்புல, மூணாவது கட்டத்துலேர்ந்து ஆரம்பிங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஓய்வு பெறுகிறவரை மேளதாளத்தோடு வீட்டில் கொண்டுபோய் விடுவது அந்த ஆபீஸ் வழக்கம். வெள்ளிக்கிழமை அதற்காக வந்த நாகஸ்வரக்காரர் சின்னசாமி, வாசலோரம் காத்திருந்தார். மேடையில் சக ஊழியர் டில்லிபாபு ஜாஸ் பிறந்த வரலாற்றைக் கால் மணி நேரம் பேசினார். அவருக்கே அது அன்று காலையில்தான் தெரியும்.

குணசேகரன் மூன்றாவது கட்டத்தில் ஆரம்பித்து ஏறினார், இறங்கினார். கைதட்டல். மறுபடி ஏறி இறங்கினார். மூன்றாம் முறை கைதட்டல் இல்லை. முன்வரிசை கைபேசியை எடுத்தது. நாலாம் முறை ஏறும்போது விரல் வியர்த்து வழுக்கியது.

அப்போது வாசலிலிருந்து நாகஸ்வரம் எழுந்தது. அதே சுருதி, அதே ஏழு சுரம். குணசேகரன் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு சின்னசாமி ராகத்தை விரித்தார், தவிலும் சேர்ந்துகொண்டது. கைபேசிகள் பைக்குள் போயின. குணசேகரன் நரம்பைத் தொடாமல் தலையை மட்டும் ஆட்டினார். அது அவருக்கு நன்றாக வந்தது.

பரந்தாமன் பொன்னாடை போர்த்தினார். "ஜாஸ்னதும் பயந்துகினு இருந்தேன்யா. நல்லாத்தான் கீது."

ஊர்வலத்துக்குக் கிளம்பிய சின்னசாமி, கடைசி வரிசையில் இருந்த புஷ்பலதாவிடம் நின்றார். "எங்க வாத்தியம் ரெண்டரைக் கட்டை சுருதியிலதாம்மா பேசும். நீ போன்ல சொன்னாப்புலயே சார் கரெக்டா அதுல நின்னுட்டாரு."

குணசேகரன் காதில் விழுந்தது. கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் மூன்று மாதமாக வயிற்றில் கிடந்த கல் காணாமல் போய், அங்கே பசி உட்கார்ந்திருந்தது. இரண்டு வடையை எடுத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா வாசிச்சீங்கன்னு யாருனா கேட்டா இன்னா சொல்வீங்க?" என்றாள்.

செம்மல் ஒரு வடையை அவளிடம் நீட்டினார்.

"கௌரிமனோகரி."