நாற்காலியில் மாட்டிக்கொண்ட சட்டுப்புட்டு

நகரசபைத் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் சட்டுப்புட்டு. எந்த வேலையும் அவருக்குச் சட்டுப்புட்டென்று முடிய வேண்டும். பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தலைவர் மாறும்போது நடக்கும் சடங்கை ஒழித்ததுதான். பழைய தலைவர் வெண்கலக் கைமணியை அடிக்க வேண்டுமாம். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டுமாம். அவர் மணியைப் புதியவர் கையில் கொடுத்து, மேடையிலிருந்து இறங்கி, கடைசியிலுள்ள பொதுமக்கள் பெஞ்சுவரை நடந்துபோய், அங்கிருந்து “தலைவர் அவர்களே” என்று முதல் ஆளாகக் கூப்பிட வேண்டுமாம்.

“ஓட்டு எண்ணியாச்சு, முடிவு தெரிஞ்சாச்சு. அப்புறம் எதுக்குய்யா இந்தக் கூத்து?” என்றார். தீர்மானம் நிறைவேறியது. மணி கேன்டீனுக்குப் போனது. அதற்கப்புறம் அந்த மணி அடித்தால் டீ ரெடி என்று அர்த்தம்.

இந்தத் தேர்தலில் சட்டுப்புட்டு தன் சொந்த வார்டிலேயே மண்ணைக் கவ்வினார். மருந்துக்கடைக்காரம்மா புதிய தலைவரானார். ஆபீஸ் அறையில் ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. சட்டுப்புட்டு ஆசைப்பட்டபடியேதான்.

மறுநாள் காலை, சபை மேசை டிராயரில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்க மனைவியோடு வந்தார். மனைவி கடைசி பெஞ்சில் உட்கார, இவர் மேடையேறி டிராயரைக் குடைந்தார். நேரம் பார்த்து உறுப்பினர்கள் கூட்டத்துக்கு உள்ளே வந்தார்கள். மேடையில் இவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றார்கள். அதே பழக்கதோஷத்தில் இவரும் “உக்காருங்க, உக்காருங்க” என்று சொல்லிவிட்டுத் தானும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஐயையோ!

உறுப்பினர்களுக்குத் தர்மசங்கடம். எழுந்திருங்கள் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? மருந்துக்கடைக்காரம்மா ஃபைலை அணைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து, முன்வரிசையில் ஓரமாக ஒண்டினார். கோழிப்பண்ணைக்காரர் எழுந்து, “தலைவர் அவர்களே, எங்க தெருவுல தண்ணி வரல” என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தம்மா பதில் சொல்லத் தொடங்கினார். ஒரு தலையாவது அவர் பக்கம் திரும்ப வேண்டுமே! எல்லாக் கண்களும் மேடை மேல்தான். அந்தம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

சட்டுப்புட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரின் பேச்சு எடுபடாமல் போகிறது, அதுவும் தன்னால். பக்கத்துக் கதவு வழியாக நழுவிவிடலாம்தான். நழுவினால் இவர் மானம் போகும், அந்தம்மாவுக்கும் மரியாதை வராது. ‘அட முட்டாளே, இறங்குறதுக்கு இருந்த ஒரே படியையும் நீயே உடைச்சிட்டு உக்காந்திருக்கியேடா’ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“கேன்டீன்ல அந்த மணி இருக்கா? எடுத்துட்டு வாங்க” என்றார் பியூனிடம்.

மணி வந்தது. எழுந்து நின்று ஓங்கி அடித்தார். சபை மொத்தமும் சடாரென்று எழுந்தது. கோழிப்பண்ணைக்காரர் டீக்காகக் கதவுவரை போய்விட்டார்.

“டீ இல்லைங்க! அப்படியே நில்லுங்க!”

நின்றார்கள். மணியைக் கொண்டுபோய் அந்தம்மாவிடம் நீட்டினார். “கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும்மா. சர்க்கரை. எல்லாம் என் கைங்கரியம்.”

அவர் சிரிக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மேடையேறினார். சட்டுப்புட்டு நடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தன்னைத் தோற்கடிக்க ராப்பகலாக உழைத்தவர்கள்கூடத் தலை குனிந்து நின்றார்கள். பெஞ்சுக்கு வந்து திரும்பினார்.

“தலைவர் அவர்களே.”

குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது.

“உக்காருங்க” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. முதலில் உட்கார்ந்தவர் சட்டுப்புட்டுதான்.

“தண்ணி எந்தத் தெருவுல வரலைன்னு அப்புறம் விவரமாச் சொல்லுங்க. மொதல்ல, இந்த மணி இனிமே கேன்டீனுக்குப் போக வேண்டாம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

சபையிலேயே முதலில் உயர்ந்தது கடைசி பெஞ்சிலிருந்த கை. மனைவி அதைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினார்.

“நாம இனிமே பொதுஜனங்க. நம்ம ஓட்டு அன்னிக்கே போட்டாச்சு.”

“ஆமா, நீ யாருக்குப் போட்ட?”

மனைவி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேசாம இருங்க. கூட்டம் நடக்குதில்ல.”