மேலூர்க் குழாய்

வஹாக்கா மலையில் அந்த ஊர்த் தலைவர் பதவிக்குக் கட்சியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. பதவியின் அடையாளமான ஊர்க்கோலைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். ஓராண்டு ஊருக்கு உழைத்துவிட்டு மறுபடி சோளக்காட்டுக்குப் போகவேண்டியதுதான். ஜனவரியில் எர்மெலிந்தோவும் ஒடிலியாவும் அப்படித்தான் தொட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். மேலூருக்கென்று வந்த தண்ணீர்க் குழாய்கள் எங்கே என்பதுதான் கேள்வி.

"மண்ணு சரிஞ்சு லாரி நிக்குது. வந்துடும்," என்றான் எர்மெலிந்தோ.

"ஆமா, நாங்க தாகத்துல செத்தப்புறம் கல்லறைக்குத் தண்ணி தெளிக்க வரும்," என்றாள் மேலூர் சபீனா. கூட்டம் சிரித்தது.

ஒடிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய்கள் அவளும் எர்மெலிந்தோவும் வைத்திருந்த காப்பித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச, அங்கேயே மண்ணுக்கடியில் பதிந்து கிடந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் மனுஷன்! ஆனால் அவள் காய்ச்சலில் கிடந்த மாதம் முழுக்கத் தினமும் தலைபின்னி விட்டவனும் அவன்தானே. பேசினால் அவன் மானம் போகும், பேசாவிட்டால் மேலூருக்குத் தண்ணீர் இல்லை. சபீனாவின் நெற்றியைப் பார்த்தாள். முதுகில் குடத்தைத் தொங்கவிட்டுச் சுமந்த கயிறு அங்கே தழும்பாகப் பதிந்திருந்தது.

ஒடிலியா எழுந்தாள்.

"குழாய் எங்க தோட்டத்துல இருக்கு. குழி தோண்டினவங்களுக்குச் சோறு போட்டதே நான்தான்."

எர்மெலிந்தோ தலை நிமிரவில்லை. ஒருநாள் ஊர்ச்சிறை, பிறகு அவனே குழாய்களைத் தோண்டியெடுத்து மேலூரில் பதிக்க வேண்டும் என்று கூட்டம் கைதூக்கித் தீர்மானித்தது. காவலர் சிறைக்கதவைத் திறந்தபோது அவன் பின்னாலேயே ஒடிலியாவும் நுழைந்தாள்.

"அக்கா, உங்க பேரைச் சொல்லலையே!" என்றார் காவலர்.

"கோலை நானும்தானப்பா தொட்டேன். பூட்டு."

உள்ளே இருவரும் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். எர்மெலிந்தோ சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"என்னை ஊர்முன்னாடி நிறுத்திட்டியே. வீட்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் தூங்குற மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒடிலியா மடியிலிருந்த துணியை அவிழ்த்து, சோளமாவில் பயறு வைத்து அவித்த தமாலைச் சுற்றிய இலையோடு நீட்டினாள்.

"என்மேல கோபமா?" என்று கேட்டான்.

"கோபமில்லாம? கொள்ளைக் கோபம். சாப்பிடுங்க முதல்ல, நாளைக்கு ரெண்டு பேரும் மண்ணு வெட்டணும்."