கல்லுக்கடியில் கரி

அரிசோனாவில், ராணுவம் குண்டு போட்டுப் பழகும் பாலையை ஒட்டி ஓப்பல் ஸ்ட்ரவுடுக்கு இருந்தது ஒரே ஒரு கிணறு. அது போனால் நாற்பது மாடும் போச்சு, அவள் பிழைப்பும் போச்சு. எல்லைக்கல் கிணற்றுக்கு மேற்கே முப்பதடியில் நின்றது. கல்லுக்கு மேற்கே ராணுவம், கிழக்கே அவள். ஆனால் போன மாசம் ராணுவத்தான் கிணற்றுக்குக் கிழக்கே முளைக்கம்பு அடித்து, இதுதான் எங்கள் எல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். புருஷன் செத்துத் தனியாக மாரடிக்கிறவள் சும்மா இருப்பாளா என்ன?

அரசாங்கத்திலிருந்து வரைபடம் போட ஆள் வருகிறான் என்றதும் முப்பதடி அவளுக்குப் போதவில்லை. ஜீப்பில் சங்கிலி கட்டிக் கல்லைப் பிடுங்கி, இருநூறடி மேற்கே நட்டாள். பழைய குழியின் வடிவம் கலைய அகலத் தோண்டி மண்ணை வாரி இறைத்து, தடம் தெரியாமல் முள்ளை இழுத்து விட்டாள்.

வந்தவன் பெயர் டெல்பர்ட். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேசினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டான். மலைப் பாறைக்குழியில் கிடக்கும், போய்க் குடி என்றாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் கல்லுக்கடியில் முழங்கை ஆழம் தோண்டினான். வெறும் மணல்.

"இந்தக் கல்லை யாரு நகத்துனது?"

"எங்க மாமனார் காலத்துலேர்ந்து அங்கதான்யா கெடக்கு."

"கல்லு நட்டவன் அடியில கரி பொதைச்சேன்னு எழுதி வச்சிருக்கான். கல்லை எவனாவது நகத்திருவான்னுதான் கரி. அது மக்காது. கரி எங்கயோ அங்கதான் எல்லை."

ஓப்பலுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய குழியைத் தோண்டியபோது கறுப்புக் கட்டிகள் வந்திருந்தன. எவனோ சமைத்த அடுப்பு என்று நினைத்து, மண்ணோடு காற்றில் எறிந்தது அவள்தான். துப்பாக்கியை ஜீப்பில் போட்டுவிட்டு அவனைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போனாள். வெயில் சாயும்வரை தோண்டினான். ஒரு துண்டு கூட இல்லை.

"இங்கதான்யா இருந்துச்சு. நான்தான் அள்ளி வீசிட்டேன்."

"கல்லை நகத்துனவங்க பேச்சை எதை வச்சும்மா நம்புறது? எனக்கு இப்ப மிச்சம் அந்த முளைக்கம்புதான்."

தாளை விரித்து, அவள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே கோடு இழுத்தான். இந்தப் பக்கத்தார் கிணற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டான். அதையும் வரைபடத்தில் போட வேண்டுமாம்.

"ஸ்ட்ரவுட் கெணறு," என்றாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அழகாக எழுதிக்கொண்டான்.